‘டிராவலர்’ ஆட்டத்தின் புனைகதை மூலங்கள்

ஒரு நூலின்கண் பிறிதொரு நூலின் சாயலைக் கண்டு சொல்லுதல் எளிது. அச்சாயல் கடனாகப் பெறப்பட்டது என நிறுவுதல் அரிது. இரு நூல்களை எதிரெதிரே வைத்து, ஒத்த பகுதிகளை வரிசைப்படுத்தி, ஆகவே இதனினின்றும் இது பிறந்தது என முடிக்கும் ஆய்வேடுகள் பலவற்றை இந்நாளில் படிக்க நேர்கின்றது. ஒத்தல் வேறு, பெறுதல் வேறு. இவ்வேறுபாட்டைப் பண்டை இலக்கியங்களை வைத்து விளக்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அவற்றுட் பலவற்றின் காலம் ஐயத்திற்கு இடமானதாதலின், எது முந்தியது என்னும் வினாவிலேயே வாதம் நின்றுவிடும். ஆதலின் ஆண்டும் ஆசிரியரும் ஐயமறத் தெரிந்த அண்மைக்காலப் படைப்பு ஒன்றினை எடுத்துக்கொண்டு, மூலங்காணும் முறையினை ஈண்டு விளக்கக் கருதுகின்றேன். அப்படைப்பு 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் ஆட்டமாகும்.

ஆட்டமொன்று இலக்கிய ஆராய்ச்சிக்குப் பொருளாகுமோ என வினவுவார் இருப்பர். இது பகடையுருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டமன்று. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து உலகினையும் அதில் நிகழ்வனவற்றையும் வாய்மொழியாக எடுத்துரைப்பர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் என் செய்வர், என் சொல்வர் எனத் தாமே கூறுவர். செயலின் முடிவு ஐயத்திற்குரியதாயின் மட்டும் பகடை உருட்டப்படும். எழுதிவைத்த உரையாடல் இல்லை, காண்போரும் இல்லை, ஆடுவோரே கேட்போருமாவர். 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வழிவகுத்தது. இத்தகைய ஆட்டத்தின் நூல் இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று விதி, மற்றொன்று கதை நிகழும் உலகம். இவ்விரண்டினையும் பிரித்துக் காணாதார் மூலங்காண்பதில் பிழைபடுவர் என்பது பின்னர் விளங்கும்.

டிராவலரை யாத்தவர் மார்க் மில்லர். வெளியிட்டது ‘கேம் டிசைனர்ஸ் ஒர்க்ஷாப்’ என்னும் நிறுவனம். கறுப்பு அட்டையிட்ட மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கியிருந்தன. மாந்தரை ஆக்குதலும் போரும் முதல் நூலிலும், விண்கலங்கள் இரண்டாவதிலும், உலகங்களை ஆக்கும் முறை மூன்றாவதிலும் கூறப்பட்டன. அம்மூன்று நூல்களிலும் குறிப்பிட்ட நாடோ அரசோ நிலைநாட்டப்படவில்லை. அடுத்த ஈராண்டுகளில் வெளிவந்த துணைநூல்களிலேயே, பல்லாயிரம் உலகங்களை ஆளும் ‘மூன்றாம் பேரரசு’ என்னும் பின்னணி படிப்படியாக உருப்பெற்றது. முன்னது விதியடுக்கு, பின்னது வரைபட அடுக்கு. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சிறிதேயாயினும், மூலங்கள் இரண்டிலும் ஒன்றாக இல்லை.

முதுகலை மாணவர் ஒருவர் இவ்வாட்டத்தை எனக்கு அறிமுகப்படுத்தியபொழுது, இது ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நூல்களினின்றும் பிறந்தது என உறுதியாகக் கூறினார். விண்மீன்தோறும் பரந்த பேரரசு, அதன் தளர்ச்சி, அதனைத் தொடரும் இருண்ட காலம் ஆகியன இரண்டிலும் உள்ளனவன்றோ? யானும் அன்று ஐயுறவில்லை. இருமுறை வகுப்பிலும் அவ்வாறே கூறினேன். பின்னர் மூன்று கறுப்பு நூல்களையும் நிரலே படித்தபோதுதான் அக்கூற்று எத்துணை வலிமையற்றது என உணர்ந்தேன். பேரரசு தளர்ந்து இருள்சூழ்தல் அசிமோவுக்கே உரிய கற்பனையன்று. 1942 முதல் 1950 வரை இதழில் வெளிவந்த அக்கதைகளே, உரோமப் பேரரசின் வீழ்ச்சி குறித்து கிப்பன் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றுக்குக் கடன்பட்டவை. கிப்பனைப் படித்த எவரும் இக்கருத்தினைத் தாமே பெற்றிருத்தல் கூடும். அசிமோவின் கதைக்கு உயிராக உள்ளது, மக்கட்பெருங்கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணக்கிட்டுரைக்கும் கற்பனைக் கலை. 1977-ஆம் ஆண்டு நூல்களில் அதற்கு இடமேயில்லை. உடம்பு ஒத்திருந்து உயிர் ஒவ்வாதவிடத்துப் பொதுமூலம் ஒன்றினைத் தேடுதலே முறை.

‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் தாக்கம் என்பாரும் உளர். இதனை மறுக்க நெடிய வாதம் வேண்டா. அப்படம் 1977-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் திரைக்கு வந்தது. ஆட்டம் அதே கோடையில் விற்பனைக்கு வந்தது. மூன்று நூல்களை யாத்து அச்சிட்டுப் பெட்டியிலிடுதற்கு அவ்விடைவெளி போதாது. பிற்காலத் துணைநூல்களில் அப்படத்தின் சாயல் காண்பார் காணலாம். அடிப்படை நூல்களில் காணுதல் காலமுரண்.

அவ்வாறாயின் எதனைச் சான்றாகக் கொள்வது? ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் நமக்கு ஒரு நல்ல முறையைக் கற்பித்துள்ளனர். இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒத்திருப்பின், அவை ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டன என்று கூறவியலாது. சரியானது எங்கும் சரியானதே. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை, ஒரே எழுத்துக்குறை, ஒரே தேவையற்ற சொல் இருப்பின் அவற்றின் உறவு வெளிப்படும். புனைகதைக்கும் இது பொருந்தும். விண்கலம், பேரரசு, வணிகர், கொள்ளையர் என்பன விண்வெளிக் கதை எழுதப் புகுவார் எவர்க்கும் இயல்பாகத் தோன்றுவன. இவற்றின் ஒப்புமை ஒன்றையும் நிறுவாது. இவ்வாறே அமையவேண்டும் என்னும் கட்டாயம் சிறிதும் இல்லாதவிடத்து, ஒருவர் வேண்டியவாறு அமைத்த சிறு செய்தி மற்றொருவரிடத்தும் அவ்வாறே காணப்படின், அதுவே சான்று. பெருங்கருத்துகள் மக்களுக்குப் பொதுவுடைமை. சில்லறைச் செய்திகளே தம் உடையவனைக் காட்டிக்கொடுப்பன.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு விதியடுக்கினை நோக்குவார்க்குப் புலனாகும் பெயர் அசிமோவினது அன்று; ஈ. சி. டப் என்பாரது. 1919-இல் பிறந்து 2010-இல் மறைந்த இவ்வாங்கில எழுத்தாளர், 1967-ஆம் ஆண்டில் ‘தி விண்ட்ஸ் ஆஃப் கேத்’ என்னும் நாவலில் ஏர்ல் டூமாரெஸ்ட் என்னும் அலைகுடியைப் படைத்தார். தான் பிறந்த புவியுலகம் எங்குள்ளது என்றே எவரும் அறியாத காலத்தில், அதனைத் தேடி உலகம் உலகமாகத் திரிபவன் அவன். இத்தொடர் முப்பத்துமூன்று நூல்களாக வளர்ந்தது. மலிவான தாளட்டைப் பதிப்புகளாக வந்து, தொடர்வண்டிப் பயணிகளும் இளைஞரும் படித்துக் கழித்த நூல்களாதலின், திறனாய்வாளர் இவற்றைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

டப்பின் உலகில் விண்பயணம் செல்வர்க்கும் வறியார்க்கும் வெவ்வேறு வகையினது. பொருளுடையார் ‘மேற்பயணம்’ செய்வர். அவர்க்கு ஊட்டப்படும் மருந்து உடலின் இயக்கத்தைத் தாழ்த்துதலால், நெடும்பயணம் குறும்பொழுதாகத் தோன்றும். பொருளற்றார் ‘கீழ்ப்பயணம்’ செய்வர். விலங்குகளை ஏற்றுதற்கென அமைந்த பெட்டிகளில், மருந்தூட்டி உறையவைக்கப்பட்டு, பிணத்திற்குச் சிறிதே மேம்பட்ட நிலையில் அவர்கள் கிடப்பர். 100 பேரில் 15 பேர் எழுவதில்லை. டிராவலரின் இரண்டாம் நூலைப் புரட்டுக. மேற்பயணக் கட்டணம் 10,000 கிரெடிட், இடைப்பயணம் 8,000, கீழ்ப்பயணம் 1,000. கீழ்ப்பயணி உறைநிலையில் ஏற்றப்படுவான். இறங்குமிடத்தில் உயிர்பெற்றெழுகின்றானா என்பதைப் பகடை முடிவு செய்யும். உறைபனித் துயில் என்பது பல கதைகளில் வருவதே. அதனை யான் சான்றாகக் கொள்ளவில்லை. பயணச்சீட்டுகளை மேல், கீழ் எனப் பெயரிட்டதும், உறைதுயிலை வறுமையின் அடையாளமாக்கியதும், அதற்கு இறப்பளவு ஒன்றனை விதித்ததும் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படுதலே சான்று.

அவ்விறப்பளவினைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பாம். ஆட்ட விதிப்படி இரண்டு பகடைகளை உருட்டி 5-உம் அதற்கு மேலும் வந்தால் பயணி பிழைப்பான். 4-உம் அதற்குக் கீழும் வந்தால் இறப்பான். இரு பகடைகள் விழும் 36 வகைகளுள் 4-க்கு மேற்படாதன ஆறு. ஆகவே இறப்பு ஆறில் ஒன்று. அஃதாவது 100-க்கு 16.7. டப் கூறியது 15. இரண்டு பகடைகளைக் கொண்டு 15 என்னும் அளவினைத் துல்லியமாகப் பெறவியலாது. ஒரு படி குறைத்து, 3-உம் அதற்குக் கீழும் இறப்பு எனின் 100-க்கு 8.3 ஆகிவிடும், ஒரு படி கூட்டின் 27.8 ஆகிவிடும். எனவே டப்பின் எண்ணிற்கு இரு பகடைகள் அணுகக்கூடிய மிக நெருங்கிய அளவு யாதோ அதுவே விதியில் உள்ளது. மருத்துவத் திறனுடையான் அருகிருப்பின் ஒன்று கூட்டுக, உடல் நலிந்தானாயின் ஒன்று கழிக்க என்பன ஆட்டத்திற்கு வேண்டிய நுணுக்கங்கள். தற்செயலாக இவ்வெண் அமைந்திருத்தல் கூடாதோ எனின், தனித்து நோக்கக் கூடும். மேற்கூறிய மூன்றனோடு நான்காவதாக இதுவும் தற்செயல் எனல் ஒவ்வாது.

எனினும் இவ்வெண்ணினும் யான் மிகுதியாக மதிப்பது மருந்துகளின் பெயரினையே. டப்பின் நாவல்களில் உடலியக்கத்தைத் தாழ்த்தும் மருந்துக்கு ‘விரைகால’ மருந்து என்று பெயர். உடலியக்கத்தை விரைவுபடுத்தும் மருந்துக்கு ‘மெல்கால’ மருந்து என்று பெயர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இப்பெயர்கள் தலைகீழாகத் தோன்றும். உண்டவனுக்குப் புறவுலகம் எவ்வாறு தோன்றும் என்பதைக் கருதி இடப்பட்டமையின், உடல் மெதுவானவனுக்குக் காலம் விரைகின்றது. டிராவலரிலும் ‘விரை’ மருந்து உடலை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காக மெதுவாக்குகின்றது. ‘மெல்’ மருந்து உடலை விரைவுபடுத்துகின்றது. புண்பட்டாரை உணர்விழக்கச் செய்து விரைவில் ஆற்றுதற்கு அதன் வகையொன்று பயன்படுவதும் இரண்டிற்கும் பொது. தாமாகவே பெயரிடுவார் இருவருள் ஒருவரேனும் நேரிய முறையில் பெயரிட்டிருப்பர். இருவரும் ஒரே தலைகீழ்ப் பெயரீட்டினைக் கொண்டமை, இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்படுதல் போன்றது. மில்லரும் பிற்காலத்தில் டப்பின் தொடர்க்குத் தாம் பட்ட கடனைக் கூறியுள்ளார். ஆயினும் ஆசிரியர் நினைவுகூர்ந்து சொல்லும் சொல்லைக் காட்டிலும், அவர் அச்சிட்ட நூலே முதற்சான்றாதற்கு உரியது.

இனி வரைபட அடுக்கிற்கு வருவாம். 1979-இல் வெளிவந்த ‘தி ஸ்பின்வார்ட் மார்ச்சஸ்’ என்னும் துணைநூலில், பேரரசின் எல்லைக்கப்பால் ‘வாள் உலகங்கள்’ என ஒரு தொகுதி காட்டப்படுகின்றது. கிராம், ஜாய்யூஸ், டூரண்டால் முதலிய பெயர்கள் ஆண்டுக் காணப்படுகின்றன. கிராம் வடபுலத்துப் பழங்கதையின் சிகுர்து ஏந்திய வாள், ஜாய்யூஸ் சார்லமேனுடையது, டூரண்டால் ரோலண்டுடையது. எச். பீம் பைப்பர் எழுதி 1963-இல் நூலான ‘ஸ்பேஸ் வைக்கிங்’ என்னும் நாவலிலும் வாள் உலகங்கள் உண்டு. கதைத்தலைவனின் தாயகம் கிராம். ஜாய்யூஸும் டூரண்டாலும் ஆண்டும் உலகங்களே. வாளின் பெயரை ஓர் உலகிற்கு இடுதல் எவர்க்கும் தோன்றும். ஒரு தொகுதி முழுவதற்கும் அவ்வாறே இட்டு, அதற்கு வாள் உலகங்கள் என்றே பெயருமிடுதல் பைப்பரை அறிந்தார் செயலே. இஃதளவில் ஐயமில்லை.

ஆயினும் ஈண்டுக் கடனைவிடக் கடன் வாங்கியவன் செய்தது சுவையானது. ஆட்டத்தின் வாள் உலகங்களுள் நார்சில், ஆர்க்ரிஸ்ட், ஸ்டிங் என்பனவும் உள. இவை டோல்கீனின் கதைகளில் வரும் வாள்கள். சாக்நோத் என்பது டன்சனி பிரபு 1908-இல் வெளியிட்ட கதையொன்றில் வருவது. பைப்பர் பழங்காப்பியங்களினின்றும் எடுத்தார். ஆட்டநூலார் அவர் கொண்ட நெறியினை உணர்ந்து, புதிய புனைவுகளினின்றும் எடுத்து நிரப்பினர். தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளுள் விரித்தலையும் ஒன்றாகக் கூறுகின்றது. அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்கால நூல்களில் எனக்குக் கிடைக்கவில்லை. கிராம் என்னும் பெயர் ஒன்றனையே வைத்து வாதிடின், இரு ஆசிரியரும் வடபுலக் கதையினின்றும் தனித்தனியே பெற்றனர் என மறுக்கலாம்; தொகுதியை வைத்து வாதிடின் அம்மறுப்பு நில்லாது.

தனிச்சொல் சான்றாதலும் உண்டு. இரண்டாம் பேரரசு வீழ்ந்தபின் வந்த காலத்தை ஆட்டம் ‘நெடிய இரவு’ என்கின்றது. 1951 முதல் பால் ஆண்டர்சன் எழுதிய டொமினிக் ஃபிளாண்டிரி கதைகளில், பேரரசு வீழின் வரவிருப்பதாக அஞ்சப்படும் காலத்திற்கும் அதுவே பெயர். ஆண்டர்சனிடத்து அஃது எதிர்கால அச்சம். ஆட்டத்தில் கடந்துபோன வரலாறு. முதுமையைத் தடுக்கும் மருந்துக்கு ஆட்டம் வழங்கும் ‘அனகாத்திக்’ என்னும் பெயர், ஜேம்ஸ் பிளிஷ் தம் விண்நகரக் கதைகளில் ஆண்ட ‘ஆன்ட்டி அகாத்திக்’ என்பதன் சுருக்கமேயென்க. இளமைநீட்டும் மருந்து பழைய கனவு. இப்பெயரோ பிளிஷுக்கு உரியது.

எல்லா ஒப்புமையும் இவ்வாறு தேறுவதில்லை. அரிமா போன்ற தோற்றமும் மறக்குணமும் உடைய ‘அஸ்லான்’ என்னும் இனத்தார் இவ்வாட்டத்தில் வருவர். லாரி நிவன் 1966-இல் வெளியிட்ட கதையில் புலி போன்ற ‘கிசின்’ மறவர் வருதலின், அதுவே மூலம் எனப் பலர் எழுதுவர். கிசின் இனத்துப் பெண்டிர் அறிவற்றவராகப் படைக்கப்பட்டனர். அஸ்லான் பெண்டிரோ வாணிகமும் பொருளாட்சியும் தம் கையிற் கொண்டவர், ஆடவர் நிலமும் மானமும் அல்லது பிறிதொன்று அறியார். மறவரைப் பெரும்பூனையாகக் கற்பித்தல், மறவனைப் புலியென உவமித்த எம்மொழிப் புலவர்க்கும் எளிதே. அஸ்லான் என்னும் சொல் துருக்கி மொழியில் அரிமாவைக் குறிப்பது, சி. எஸ். லூயிஸின் சிறுவர் கதைகளால் ஆங்கிலம் படித்தார் அனைவரும் அறிந்தது. ஆகவே பெயரும் நிவனிடம் செல்லவில்லை, இயல்பும் செல்லவில்லை, எஞ்சுவது உரோமம் ஒன்றே. இதனைச் சாயல் என்று கூறி அமைதல் தக்கது.

இவ்வாறு பிரித்துக் காண்பதனால் யாது பயன்? அசிமோவிடமும் ஆண்டர்சனிடமும் பைப்பரிடமும் பெற்றனவாகக் கூறப்படுவன பெரும்பாலும் வரைபட அடுக்கிலேயே உள்ளன. தமக்கென வேறு உலகம் வகுத்துக்கொண்டு ஆடும் குழுவினர்க்கு மூன்றாம் பேரரசும் வேண்டா, வாள் உலகங்களும் வேண்டா. டப்பிடம் பெற்றனவோ விதியடுக்கில் உள்ளன. எவ்வுலகில் ஆடினும், கையிற் பொருளில்லாத மாந்தர் உறைபெட்டியில் ஏறவே வேண்டும். படையிலிருந்து ஓய்வு பெறுவார்க்கு ஆட்டம் அளிக்கும் பயன்களுள் கீழ்ப்பயணச் சீட்டும் ஒன்று. பல்லாண்டு போர்புரிந்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு சாவு பரிசாகக் கிடைக்கின்றது! இந்த வறுமையின் மணமே டிராவலரை ஏனைய விண்வெளி ஆட்டங்களினின்றும் வேறுபடுத்துவது. அதனை அளித்தவர் பெயரோ மூலங்களை எடுத்துரைப்பார் பலரது வரிசையில் இறுதியில் வருகின்றது, சிலரிடத்து வருவதேயில்லை. யாம் படித்த பெரியோர் எவரோ அவரே பிறர்க்கும் மூலமாக இருந்திருப்பர் என எண்ணிவிடுதல் ஆராய்வார்க்கு இயல்பான குற்றம். யானே அதற்குச் சான்று. ஆட்டத்தை யாத்தவர்கள் அக்குற்றம் புரியவில்லை. 1978-இல் வெளிவந்த ‘1001 கேரக்டர்ஸ்’ என்னும் முதல் துணைநூலில், அறிவியற் புனைகதைத் தலைமக்கள் சிலரை ஆட்டத்தின் எண்களாக மாற்றித் தந்துள்ளனர். டூமாரெஸ்ட் அவருள் ஒருவன்.

கடன்பெற்ற பொருள் கைமாறியபின் வேறுபட்டமையும் ஒன்று கூறவேண்டும். கீழ்ப்பயணிகள் தம்முள் எத்துணைபேர் உயிருடன் எழுவர் என முன்கூட்டிச் சொல்லிப் பணம் வைக்கும் சூது ஒன்றும் ஆட்டநூலில் விதிக்கப்பட்டுள்ளது. வென்றவன் எழாதொழியின் பணம் கப்பல் தலைவனைச் சேரும். கொடிய நகைச்சுவை இது. நாவலில் பெட்டியுட் புகும் டூமாரெஸ்ட் எழுவான் என்பதைப் படிப்பவர் முன்னரே அறிவர். அடுத்த நூல் கடையில் வந்திருக்கும். ஆகவே 100-க்கு 15 என்னும் எண் அவனைச் சூழ்ந்திருப்போர்க்கே உரியதாய், அவன் உலகின் கொடுமையைக் காட்டும் வண்ணமாய் நிற்கின்றது. ஆட்டத்திலோ பெட்டியுட் கிடப்பவனாகத் தன்னைக் கருதுபவனே பகடையைக் கையில் எடுக்கவேண்டும். அவன் உருட்டும் வரை நடுவரும் அறியார்.